பழைய ஸ்டீரியோ றிசீவருக்குப் பயஸ் வைப்பது: திருகுவதற்கு முன் பிரீசெட்டை மாற்றுங்கள்

எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் சவூதி, குவைத் என்று போனவர்கள் கொண்டுவந்த பயனியர், சன்சூய், கென்வூட் றிசீவர்கள் காத்தான்குடியிலும் கல்முனையிலும் இன்னும் எத்தனையோ வீடுகளில் அலுமாரிக்கு மேலே கிடக்கின்றன. நீங்களும் ஒன்றை இறக்கித் தூசி தட்டி, கப்பாசிட்டர் மாற்றி, பாட்டும் போட்டுப் பார்த்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு பக்க ஹீட் சிங்க் (ட்ரான்சிஸ்டரின் சூட்டை வெளியேற்றும் அலுமினியத் தகடு) மட்டும் கை வைக்க முடியாமல் சுடுகிறதா, இல்லை சத்தத்தைக் குறைத்தால் குரல் பிசிறுகிறதா? அப்படியென்றால் பயஸ் பார்க்க வேண்டும்.

பாட்டே ஓடாதபோதும் ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் ட்ரான்சிஸ்டர்களில் கொஞ்சம் கரண்ட் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த அளவைச் சரியாக வைப்பதுதான் பயஸ் வைப்பது. சோடியில் ஒன்று அலையின் மேல் பாதியைப் பார்க்கிறது, மற்றது கீழ்ப் பாதியை. கைமாறும் இடத்தில் இரண்டுமே அணைந்திருந்தால் பிசிறு. அந்தக் கரண்ட் அளவுக்கு மீறினால் சூடு, சூடு கூடக் கரண்ட் இன்னும் கூடும், கடைசியில் ட்ரான்சிஸ்டர் போய்விடும். எவ்வளவு வைப்பது என்பது செட்டுக்குச் செட் வேறு, ஆகவே உங்கள் மாடலின் சேர்விஸ் மனுவலை இணையத்தில் தேடி எடுத்துவிட்டு வாருங்கள். எஸ்டிகே என்று தொடங்கும் பெரிய கறுப்புக் கட்டி உள்ள சில செட்டுகளில் பயஸ் திருகவே இடமிருக்காது, அப்படிச் செட் வைத்திருப்பவர்களுக்கு இங்கே வேலையில்லை.

முதலில் பின்பக்க வோல்டேஜைப் பாருங்கள். நம் நாட்டில் 230 வோல்ட். செலெக்டரில் 220, 240 இரண்டும் இருந்தால் 240இல் வையுங்கள். யப்பானிலிருந்து பாவித்த சாமானாக வந்த செட் 100 வோல்ட் மட்டும் கேட்கும், வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் சொருகினால் கதை முடிந்தது.

அப்புறம் ஒரு பல்ப் டெஸ்டர். 60 அல்லது 100 வாட்ஸ் குண்டு பல்பை மெயின் வயரில் தொடராகப் போடுவதுதான் அது. உள்ளே ஷோர்ட் இருந்தால் பல்ப் பளிச்சென்று எரியும், செட் தப்பும். எல்இடி பல்ப் இதற்கு உதவாது. குண்டு பல்ப் கிடைக்கவில்லையென்றால் கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்டும் பல்ப் விற்கிற கடையில் கேளுங்கள்.

இனி முக்கியமான இடம். எல்லோரும் மூடியைக் கழற்றியதும் ஸ்க்றூ டிரைவரை எடுத்துப் பிரீசெட்டை, அதாவது பயஸைக் கூட்டிக் குறைக்கும் சின்னத் திருகு றெசிஸ்டரை, திருகப் போகிறார்கள். செய்யாதீர்கள். நாற்பது வருடம் கடல் உப்புக் காற்றில் இருந்த திறந்த பிரீசெட் அது. உள்ளே இருக்கும் கரித்தடத்தை ஒரு சின்னத் தகரத் துண்டு தொட்டுக்கொண்டிருக்கிறது. திருகும்போது அந்தத் தொடுகை ஒரு கணம் விட்டுப்போனாலும், பல சுற்றுகளில் பயஸைக் கட்டுப்படுத்தும் ட்ரான்சிஸ்டர் அணைந்து, அவுட்புட் சோடி முழுக் கரண்டையும் இழுக்கும். பியூஸ் போவதற்கு முன்பே ட்ரான்சிஸ்டர் போய்விடும். கொண்டாக்ட் கிளீனர் அடித்தால் போதும் என்பவர்கள் இருக்கிறார்கள். வொலியூமுக்குச் சரி, இதற்கு நான் நம்பமாட்டேன். பல சுற்றுச் சுற்றித் திருகும் மல்டி டேர்ன் பிரீசெட், நீல நிறச் சின்னப் பெட்டி மாதிரி இருக்கும், அதையே போடுங்கள்.

பழையதைக் கழற்றியதும் நடுக்காலுக்கும் இரு ஓரக் கால்களுக்கும் இடையே எத்தனை ஓம் என்று அளந்து எழுதுங்கள். புதியதை அதே அளவுக்கு வைத்துவிட்டுத்தான் போர்ட்டில் ஈயம் வைக்க வேண்டும். அளவு தாறுமாறாகக் காட்டினால் சுற்றுப்படத்தைப் பார்த்துக் கரண்ட் குறையும் பக்கமாக வையுங்கள். வலது பக்கம் திருகினால் கூடும் என்று பொது விதி எதுவும் கிடையாது. பழையதன் கால்கள் முக்கோணமாக இருக்கும், புதியதன் கால்கள் ஒரே வரிசையில், ஆகவே நடுக்காலை வளைத்துத்தான் நுழைக்க வேண்டியிருக்கும்.

பல்ப் டெஸ்டரில் போடுங்கள். பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. ஆனால் பயஸை அதிலேயே வைக்காதீர்கள், அங்கே வோல்டேஜ் குறைவு. நேர் மெயினுக்கு மாற்றுங்கள். ஸ்பீக்கர் கழற்றி, வொலியூம் பூச்சியத்தில். ஸ்பீக்கர் முனையில் டிசி 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதற்கென்று தனிப் பிரீசெட் இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள்.

கரண்டை அளக்க எந்த வயரையும் வெட்டத் தேவையில்லை. ஒவ்வொரு அவுட்புட் ட்ரான்சிஸ்டரோடும் தொடராக இருக்கும் எமிற்றர் றெசிஸ்டருக்குக் குறுக்கே வரும் மில்லிவோல்ட்டை அளந்தால் போதும். 0.47 ஓமில் 20 மில்லியம்பியர் ஓடினால் 9.4 மில்லிவோல்ட். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். மூன்று கால் உள்ள வெள்ளைச் சீமெந்துக் கட்டிக்குள் இரண்டு றெசிஸ்டர்கள் இருக்கின்றன. ஓரக் கால் இரண்டையும் பிடித்தால் இரண்டுக்கும் சேர்த்து 18.8 காட்டும். மனுவலில் இருப்பது இரண்டுக்கும் சேர்த்த கணக்காக இருந்து, நீங்கள் நடுக்காலையும் ஒரு ஓரத்தையும் பிடித்து அதே எண் வரும்வரை திருகினால் கரண்ட் இருமடங்கு. எந்த இரண்டு புள்ளிகள் என்பதைப் படத்தில் விரல் வைத்துப் பாருங்கள்.

மீற்றர் முனைகளை செட் அணைந்திருக்கும்போதே கிளிப்பால் மாட்டிவிடுங்கள். கையால் பிடித்துக்கொண்டு அளந்தால், முனை ஒருமுறை வழுக்கிப் பக்கத்துக் காலைத் தொட்டாலே போதும், ட்ரான்சிஸ்டர் வாங்கக் கடை ஏற வேண்டியதுதான். செட்டைப் போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் சூடாக விட்டு, கால் சுற்று கால் சுற்றாகத் திருகுங்கள். ஒவ்வொரு தடவையும் எண் நிற்கும்வரை பொறுங்கள். ஒரு பக்கம் முடிந்ததும் மற்றது, பிறகு திரும்ப முதல் பக்கம், கடைசியில் டிசியையும் இன்னொரு தடவை.

பிற்சேர்க்கை: எண் ஓரிடத்தில் நிற்காமல் ஏறி இறங்குகிறது என்று அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். விசாரித்தால் தலைக்கு மேலே ஃபேன் முழு வேகத்தில். காற்றுப் பட்டால் ஹீட் சிங்க் குளிரும், அளவு இறங்கும். வேர்த்தாலும் பரவாயில்லை, ஃபேனை நிறுத்துங்கள், முடிந்தால் மூடியை மேலே சும்மா வைத்துவிட்டு அளவுங்கள். அதன் பிறகும் அளவு ஏறிக்கொண்டே போனால், ஹீட் சிங்கில் ஒட்டியிருக்க வேண்டிய பயஸ் டையோடோ சின்ன ட்ரான்சிஸ்டரோ கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். அங்கே காய்ந்துபோன வெள்ளைப் பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். மலிவு மஞ்சள் மீற்றர் வைத்திருப்பவர்கள் இதற்கெல்லாம் முன் பற்றரியை மாற்றுங்கள், பற்றரி இறங்கினால் அது மில்லிவோல்ட்டைத் தப்பாகக் காட்டும்.