ஏரி கோடி போகிறது: பணிக்குழுவில் சேர நினைப்பவர்களுக்கு

ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அலுவலராக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் ஊத்தங்கரைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சில வருடங்களாகச் சர்வதேச அவசரகால மேலாளர்கள் சங்கத்தின் ஒரு பணிக்குழுவில் தன்னார்வலராக இருக்கிறேன். எங்கள் ஆலையில் புதிதாகச் சேர்ந்தவர்களும், தர்மபுரியில் படிக்கும் பிள்ளைகள் சிலரும் "அக்கா, நாங்களும் சேரலாமா? உள்ளே போய் என்ன செய்யணும்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன்.

இந்தச் சங்கம் 1952-ல் அமெரிக்காவில் குடிமைப் பாதுகாப்பு அலுவலர்களின் அமைப்பாகத் தொடங்கியது. இன்று பல நாடுகளில் உறுப்பினர்கள் உண்டு, மாணவர்களும் சேரலாம். பணிக்குழு என்றால் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு வழிகாட்டியோ சரிபார்ப்புப் பட்டியலோ எழுதும் சிறிய கூட்டம். சம்பளம் கிடையாது. வெள்ளத்தில் இறங்கி ஆளைத் தூக்கும் வேலையும் இதில் இல்லை. அதுதான் உங்கள் விருப்பம் என்றால், பேரிடர் மீட்புக்குத் தன்னார்வலர்களைப் பழக்கும் அரசின் ஆப்த மித்ரா போன்ற திட்டத்தில் சேருங்கள், பயிற்சி தருகிறார்கள். எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை. நான் சொல்வது உட்கார்ந்து எழுதுகிற, கேட்கிற, திருத்துகிற வேலையைப் பற்றி.

எந்தக் குழுவில் சேருவது? பெயர் கவர்ச்சியாக இருப்பதைப் பார்த்துச் சேராதீர்கள். நீங்கள் தினமும் கையால் தொடும் விஷயம் எதுவோ அதில் சேருங்கள். அபாயகரமான ரசாயனம் கையாளும் ஆலையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவசரகால ஒத்திகை நடத்த வேண்டும் என்று 1989-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அந்த ஒத்திகையில் சங்கு ஊதியதும் கூடுமிடத்தில் நின்று தலை எண்ணுகிறவர் நீங்கள் என்றால், எந்த மாநாட்டுப் பேச்சாளருக்கும் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியும். ஒப்பந்தத் தொழிலாளி பட்டியலில் எப்போதும் இரண்டு பெயர் இடிக்கும். அது ஏன் இடிக்கிறது என்று தெரிந்தவர்தான் குழுவுக்கு வேண்டும்.

முதல் மின்னஞ்சல் ஐந்து வரி போதும். யார், எங்கே, என்ன வேலை, மாதத்தில் எத்தனை மணி நேரம் தர முடியும், எந்த ஒரு வேலையை உடனே எடுத்துக்கொள்ள முடியும். "எதுவானாலும் செய்கிறேன்" என்று எழுதினால் உங்களுக்கு என்ன கொடுப்பது என்று தலைவருக்குத் தெரியாது. நான் "கூட்டக் குறிப்பு எழுதித் தருகிறேன்" என்று எழுதினேன். அன்றைக்கே பதில் வந்தது. குறிப்பு எழுத யாரும் முன்வர மாட்டார்கள், ஆனால் அதை எழுதுகிறவருக்குத்தான் யார் என்ன ஒப்புக்கொண்டார், எது நிலுவையில் நிற்கிறது என்பதெல்லாம் தெரியும். ஆங்கிலம் தடுமாறுகிறவர்களுக்கும் இது நல்ல இடம். பேச வேண்டாம், கேட்டு எழுதினால் போதும், அதிலேயே அவர்கள் பேச்சு பழகிவிடும்.

நேரத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வாஷிங்டன் நேரம் பகல் ஒரு மணிக்குக் கூட்டம் என்றால் நமக்குக் கோடையில் இரவு 10.30, நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் 11.30. மார்ச்சில் மறுபடி 10.30. அந்த மார்ச்சைக் கவனிக்காமல் ஒரு வருடம் நான் உள்ளே நுழைந்தபோது எல்லோரும் விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள். அன்று என் பகுதியை வேறொருவர் வாசித்திருந்தார். அப்போதிருந்து கூட்ட அழைப்பு வந்ததும் நம் நேரத்தை நாள்காட்டியில் தனியாகக் குறித்துவைக்கிறேன். வீட்டிலும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். "பாதி ராத்திரியில யார்கிட்ட பேசிக்கினு இருக்கிற?" என்று அம்மா கதவைத் தட்டிய நாளும் உண்டு.

முதல் இரண்டு கூட்டம் கேளுங்கள். மூன்றாவதில் உங்கள் ஊரைக் கொண்டுவாருங்கள். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். அதற்குப் பிறகு எங்கள் குழுவில் ஒரு வெள்ள எச்சரிக்கைப் பட்டியல் வரைவு வந்தது. அதில் முதல் வரி, ஆற்றின் அளவுகோலில் நீர் அபாயக் குறியைத் தொட்டதும் மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது. நல்ல வரிதான். ஆனால் எங்கள் ஊரில் வீட்டுக்குள் தண்ணீர் வருவது ஆற்றிலிருந்து இல்லை, ஏரியிலிருந்து. மேல் ஏரி நிரம்பினால் கோடி போகும், அதாவது மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியே ஓடும். அந்தத் தண்ணீர் ஓடை வழியாக அடுத்த ஏரிக்கு வரும், அது நிரம்பினால் அதுவும் கோடி போகும். அளவுகோல் எதுவும் கிடையாது. மதகு பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். "மேலேரி கோடி போயிடுச்சு, மாட்டை அவுத்து மேட்டுல கட்டுங்க" என்று அவர் சொன்னால் அதுதான் எங்களுக்கு எச்சரிக்கை.

இதை அரைப் பக்கம் எழுதி அனுப்பினேன். 'கோடி' என்ற சொல்லை மாற்றாமல் ஆங்கில எழுத்தில் அப்படியே போட்டு, கீழே விளக்கம் கொடுத்தேன். அடுத்த கூட்டத்தில் கனடாக்காரர் ஒருவர் மூன்று கேள்வி கேட்டார். அந்தப் பெரியவர் இரவிலும் ஏரிக்குப் போகிறாரா? கோடி போவதைப் பார்த்ததும் யாருக்குச் சொல்கிறார்? கீழே இருக்கும் ஊரில் யாருடைய எண் அவரிடம் இருக்கிறது?

எனக்குப் பதில் தெரியவில்லை. பிறந்து வளர்ந்த ஊர்! ஞாயிற்றுக்கிழமை போய் ஏரிக்கரையில் அவரோடு உட்கார்ந்தேன். சட்டைப் பையிலிருந்து பட்டன் போனை எடுத்துக் காட்டினார். மகன் எண், மருமகள் எண், டீக்கடை எண். கீழ் ஊர்க்காரர் எண் ஒன்றுகூட இல்லை. "சைக்கிள்ல போய்ச் சொல்லுவேன் பாப்பா, மழை பெருசா வந்தா சைக்கிள் போவாது" என்றார். அந்த வாக்கியத்தை அப்படியே குழுவுக்குக் கொண்டுபோனேன். பட்டியலில் இப்போது ஒரு வரி இருக்கிறது: நீர் ஓடும் வரிசையில், மேலிருந்து கீழாக, ஒவ்வொரு ஏரியையும் பார்க்கிறவரின் எண் அடுத்தவரிடம் இருக்கிறதா? ஊரில் அந்த எண்களோடு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077-ஐயும் சேர்த்து ஒரு அட்டையில் எழுதிப் பெரியவரிடம் கொடுத்தோம்.

அதனால் கூட்டத்தில் "எங்கள் நாட்டில் நிலைமை வேறு" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். எந்த ஏரி, யார் பார்க்கிறார், எதனால் செய்தி போய்ச் சேரவில்லை என்று சொல்லுங்கள். கேள்வி வந்தால் இரண்டு வாரம் அவகாசம் கேட்டு, நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சில நடைமுறை விஷயங்கள். ஆலையில் மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஆலையின் வரைபடம், ரசாயன இருப்பு, விபத்து அறிக்கை எதையும் குழுவில் பகிரக் கூடாது. ஆள் பெயரும் வேண்டாம். ஒப்புக்கொண்ட தேதிக்குள் முடியாது என்று தெரிந்தால் அன்றே சொல்லிவிடுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. கடைசி நாள்வரை பேசாமல் இருப்பதுதான் மற்றவர்களை வருத்தும். அப்புறம், இந்தச் சங்கம் தரும் அவசரகால மேலாளர் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது தொழிலுக்கு நீங்கள் செய்த பங்களிப்பைக் காட்ட வேண்டும். குழு வேலையும் அதில் வரும். ஆகவே என்ன செய்தீர்கள், எந்தத் தேதியில் என்று முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் எழுதிவாருங்கள்.

விலகும் நாள் வந்தால் மாற்று ஆளைக் காட்டிவிட்டு விலகுங்கள். என் கூட்டக் குறிப்பு வேலையை இந்த வருடம் யாரிடமாவது ஒப்படைக்கலாம் என்று இருக்கிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் யாராவது வந்தால் சந்தோஷம். முதல் மூன்று கூட்டத்துக்குக் கூடவே இருந்து சொல்லித் தருவேன்.