செம்பருத்திப் பூவிலிருந்து அமிலம் காட்டும் தாள்: செய்முறை விளக்கம்

பள்ளி ஆய்வகத்தில் அமிலத்தைக் கண்டறியப் பயன்படும் லிட்மஸ் தாள், கல்பாசியைப் போன்ற லைக்கன் வகைகளிலிருந்து எடுக்கப்படும் சாயத்தில் தோய்த்துச் செய்யப்படுவது. அதே வேலையைச் சிவப்புச் செம்பருத்தியின் இதழ்களில் உள்ள ஆந்தோசயனின் என்னும் நிறமியும் செய்யும். மஞ்சள்தூள் கரைசலில் தோய்த்த தாளைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் அது காரம் பட்டால் செம்பழுப்பாக மாறுமே தவிர, அமிலம் பட்டாலும் மஞ்சளாகவே இருக்கும் என்பதால், அமிலத்தைக் கண்டறிய உதவாது.

முதலில் தாளைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். எழுதும் தாளிலும் அச்சுத் தாளிலும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் கலந்திருக்கும். அது காரத்தன்மை உடையது என்பதால், நாம் எதையும் சோதிக்கும் முன்னரே சாயத்தின் நிறத்தைத் தாளே மாற்றிவிடும். ஆகவே வடிதாளையோ காபி வடிகட்டும் தாளையோ பயன்படுத்துங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரிலும் இதே சிக்கல் வரக்கூடும்; பேட்டரிக்கு ஊற்றுவதற்காக விற்கப்படும் காய்ச்சி வடித்த நீரே இதற்கு ஏற்றது.

நன்கு சிவந்த 10 பூக்களின் இதழ்களை மட்டும் பிய்த்து, கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் இட்டு, 100 மில்லிலிட்டர் வெந்நீர் ஊற்றி, 20 நிமிடங்கள் மூடிவையுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம். அந்த உலோகம் நிறமியுடன் சேர்ந்து நிறத்தை மாற்றும். அடுப்பில் நெடுநேரம் கொதிக்கவிட்டாலும் நிறமி சிதையும். இதழ்கள் வெளிறியதும் சாற்றை வடிகட்டி, அதில் தாளைத் தோய்த்து, நிழலில் உலர்த்தி, மீண்டும் ஒருமுறை தோய்த்து உலர்த்துங்கள். ஊதா நிறம் ஏறிய தாளை விரல் அகலத் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள்.

தெரியாத பொருளைச் சோதிக்கும் முன், ஒரு துண்டில் எலுமிச்சைச் சாற்றையும் மற்றொன்றில் சமையல் சோடாக் கரைசலையும் ஒவ்வொரு சொட்டு வைத்துப் பாருங்கள். முதல் துண்டு இளஞ்சிவப்பாகவும் இரண்டாவது பச்சை சாயலாகவும் மாறினால் தாள் சரியாக அமைந்திருக்கிறது. இவ்விரு துண்டுகளையும் ஒப்பீட்டுக்காக அருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வினிகர், தயிரின் தெளிந்த நீர், வடிகட்டிய புளிக்கரைசல் ஆகியவற்றைச் சோதிக்கலாம். புளிக்கரைசலுக்கே உரிய பழுப்பு நிறம் குழப்பும் என்பதால், சொட்டின் நடுப்பகுதியை விட்டு, ஈரம் ஊறிப் பரவும் விளிம்பைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலப் படிகங்களை) உலர்ந்த தாளின் மேல் தூவினால் ஒன்றும் நிகழாது. அதன்மேல் ஒரு சொட்டு நீரை விட்டவுடன், ஒவ்வொரு படிகத்தைச் சுற்றியும் இளஞ்சிவப்பு வட்டம் விரிவதைக் காணலாம். நீரில் கரையும்போதுதான் அமிலம் ஹைட்ரஜன் அயனிகளைத் தருகிறது. நிறமியை மாற்றுபவை அந்த அயனிகளே.

பால் போன்ற மிக மென்மையான அமிலத்தன்மை உடையவற்றில் இத்தாள் தெளிவான மாற்றம் காட்டாது. அமிலத்தின் அளவையும் எண்ணாகச் சொல்லாது. அதற்குப் பொது நிறங்காட்டித் தாளும் அதனுடன் வரும் நிற அட்டையும் தேவை. கழிப்பறைக் கழுவி போன்ற வலுவான அமிலங்களைச் சிறுவர்கள் தொடக் கூடாது. அவற்றைப் பிளீச்சிங் பவுடருடன் கலந்தால் நச்சுத்தன்மை உள்ள குளோரின் வாயு வெளிவரும். மீதமுள்ள துண்டுகளை ஈரமில்லாத கையால் எடுத்து, மூடியுள்ள புட்டியில், வெயில் படாத இடத்தில் வையுங்கள்.