ஹோம் தியேட்டர் பிசி: பட்டியலைக் கடைசி வரியிலிருந்து எழுதுங்கள்

ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைக்க ஒரு கணினி வேண்டும் என்று பாகங்களைப் பட்டியல் போடுபவர்கள், முதல் வரியிலேயே கிராஃபிக்ஸ் கார்டை எழுதிவிடுகிறார்கள். பாதிப் பணம் அங்கே போய்விடும். கடைசி வரியில் 'ஸ்பீக்கர்: மிச்சத்துக்கு ஏதாவது'. கேம் விளையாடவும் வேண்டும் என்றால் சரி. படம் பார்க்க மட்டும்தான் என்றால் ஸ்பீக்கரில் தொடங்கிப் பின்னோக்கி வருவதே புத்திசாலித்தனம்.

4கே படம் தடங்கலின்றி ஓடுவதற்கும் கார்டின் விலைக்கும் பெரிய சம்பந்தமில்லை. அந்த வேலையைச் செய்வது சிப்புக்குள் தனியாக இருக்கும் டிகோடர், அதாவது சுருக்கி வைத்த வீடியோவை விரித்துத் தரும் பகுதி. இன்டெல் என்100 வெறும் 6 வாட் சிப். 4கே படங்களைச் சுருக்கி வைக்கும் வடிவங்களான 10 பிட் ஹெச்இவிசி, ஏவி1 இரண்டையும் அலட்டாமல் ஓட்டும். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி தனி கார்டுதான், ஆனால் அதில் ஏவி1 டிகோடர் கிடையாது. போதாக்குறைக்கு, பெரிய கார்டு என்றால் விசிறியும் கூடவே வரும். படத்தில் எல்லோரும் மௌனமாக நிற்கும் காட்சியில் அதுதான் பேசும்.

4கே ப்ளூரே டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதைக் கணினியில் முறைப்படி ஓட்ட இன்டெல் சிப்புக்குள் இருக்கும் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி தேவை. 11ஆம் தலைமுறையிலிருந்து டெஸ்க்டாப் சிப்புகளில் அதை எடுத்துவிட்டார்கள். தனி பிளேயர் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதிகம் பேர் சறுக்கும் இடம் இணைப்பு. பிசியை டிவியில் செருகி, டிவியிலிருந்து ஆப்டிகல் ஒயரில் ரிசீவருக்கு (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) சத்தத்தைக் கொண்டுபோகிறார்கள். ஆப்டிகலில் சுருக்காத ஸ்டீரியோ சத்தம் (பிசிஎம்) போகும், ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபருக்கான சுருக்கப்பட்ட 5.1 போகும், அவ்வளவுதான். தரம் குறையாத சத்த வடிவங்களான டால்பி ட்ரூஹெச்டி, டிடிஎஸ்-ஹெச்டி மாஸ்டர் ஆடியோ இரண்டுக்கும் அங்கே இடமில்லை. டிவியிலிருந்து ஹெச்டிஎம்ஐ ஒயரிலேயே சத்தத்தைத் திருப்பி அனுப்பும் சாதாரண ஆர்க் (ARC) வழியிலும் இவை போகாது. அதன் மேம்பட்ட வடிவமான இஆர்க் (eARC) வேண்டும், அதுவும் டிவி, ரிசீவர் இரண்டிலும் வேண்டும். இந்த வம்பே வேண்டாம் என்றால் பிசியிலிருந்து நேராக ரிசீவர், அங்கிருந்து டிவி. ரிசீவர் பழையதாக இருந்து, 4கே ஹெச்டிஆர் (கூடுதல் ஒளி, நிறம் உள்ள படம்), ஹெச்டிசிபி 2.2 (நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு) ஆகியவை அதற்குத் தெரியாது என்றால், இரண்டு ஹெச்டிஎம்ஐ வாய் உள்ள பிசியைப் பாருங்கள்: ஒன்று படத்துக்கு, மற்றது சத்தத்துக்கு.

இந்த வழியில் சத்தம் டிஜிட்டலாகவே ரிசீவர் வரை போய்விடுகிறது. அதை அனலாக்காக மாற்றும் வேலை ரிசீவருக்குள் நடக்கிறது. எனவே பிசிக்குள் தனியாக ஒரு சவுண்ட் கார்டு போடுவது சும்மா கிடக்கத்தான்.

அப்புறம் வாட்ஸ். பெட்டியில் ஆயிரக்கணக்கில் அச்சடித்திருக்கும் பிஎம்பிஓ (கண நேர உச்சம்) எண்ணை மறந்துவிட்டு, தொடர்ந்து தரும் சக்தியைச் சொல்லும் ஆர்எம்எஸ்ஸைத் தேடுங்கள். அதைவிட முக்கியம் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரே அளவு சக்திக்கு அது எத்தனை டெசிபல் சத்தம் தருகிறது என்பது. ஆம்ப்ளிஃபையர் சக்தியை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. ஆக, 85 டெசிபல் ஸ்பீக்கர் 100 வாட்டில் தரும் சத்தத்தை 88 டெசிபல் ஸ்பீக்கர் 50 வாட்டிலேயே தந்துவிடும்.

பணம் குறைவாக இருந்தால் ஏழு குட்டிப் பெட்டிகளை விட இரண்டு நல்ல ஸ்பீக்கர் மேல். அடுத்து பணம் சேரும்போது டிவிக்கு நேர் கீழே நடுவில் வைக்கும் சென்டர் ஸ்பீக்கர். வசனத்தில் பெரும்பகுதி அதன் வழியாகத்தான் வருகிறது. வசனம் புரியவில்லை என்று சென்டரை மாற்றுவதற்கு முன் அறையையும் பாருங்கள். டைல்ஸ் தரை, வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல் என்றால் எந்த ஸ்பீக்கரும் எதிரொலிக்கத்தான் செய்யும். தடித்த ஜன்னல் திரைச்சீலையும் ஒரு ஜமுக்காளமும் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் கடைக்குப் போகலாம்.

ஒயருக்குக் கொட்ட வேண்டாம். தங்கமுலாம் பூசிய ஹெச்டிஎம்ஐ கேபிளில் படம் கூடுதலாகப் பளிச்சிடாது. 4கே 60 ஹெர்ட்ஸுக்கு 18 ஜிபிபிஎஸ் சான்று பெற்ற கேபிள் போதும். ஸ்பீக்கர் ஒயர் மட்டும் முழுச் செம்பாக இருக்கட்டும். மலிவாகக் கிடைப்பதில் பல, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. நுனியைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும்.