அஞ்சில மூண்டு பாஸ் இல்லை

இந்தமுறை நல்லூர் திருவிழாவுக்கு சுவிசில இருந்து வந்த மருமகன் விறாந்தையில இருந்து வீடியோ காட்டினான், ஒருத்தரும் மிதிக்காத ஸ்னோவில தான் சறுக்கினது எண்டு ஒரே புளுகம். நான் பாத்தது அவனுக்குப் பின்னால இருந்த சரிவை. இருபது வருசம் அங்க இருந்திட்டு ஊரோட வந்தவன் நான், பனிச்சரிவு விசயத்தில அவன் விடுற பிழை எல்லாம் நான் விட்ட பிழைதான். ஜக்கெட் போடு, தண்ணி கொண்டுபோ எண்டதை எல்லாம் விடுவம்.

"மூண்டு தானே"

சுவிசில டாவோஸ் எண்ட ஊரில இருக்கிற எஸ்.எல்.எஃப் எண்ட பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையம் விண்டரில ஒவ்வொரு நாளும் பின்னேரம் 5 மணிக்கு பனிச்சரிவு அறிக்கை விடும், ஆபத்து 1 இல இருந்து 5 வரை. எங்கட ஆக்கள் அதைச் சோதனை மார்க்ஸ் மாதிரிப் பாத்து, அஞ்சில மூண்டு நடுவில தானே எண்டு வெளிக்கிடுவினம். கேட்டா எனக்கு இண்டைக்கும் விசர் வரும். ஒரு தனி ஆள் ஏறினாலே சரிவு உடையலாம் எண்டதுதான் அந்த 3. 5 எண்டா ரோட்டே பூட்டிக்கிடக்கும், ஆர் போறது? 3 போட்ட நாளில வெயில் எறிக்கும், ஸ்னோ வடிவா இருக்கும், எல்லாரும் போவினம். சுவிசில பனிச்சரிவில சாகிறவையில கிட்டத்தட்டப் பாதிப்பேர் 3 போட்ட நாளில சாகினம்.

நானும் அப்பிடித்தான் போனனான். வடக்குப் பாத்த சரிவு, அதுக்கு முதல் மூண்டு நாள் காத்து. மணற்காட்டில காத்து மணலை அள்ளி மேட்டுக்கு அங்கால கொட்டுறதைக் கண்டிருப்பியள், ஸ்னோவையும் காத்து அப்பிடித்தான் மறைவான பக்கத்தில கொட்டும், அது பலகை மாதிரி இறுகிப்போகும், அடியில பழைய ஸ்னோ சீனி மாதிரி உதிரியாக் கிடக்கும். காலை வைச்சன், "வூம்" எண்டு ஒரு சத்தம், நிலம் கொஞ்சம் இறங்கின மாதிரி. அது அந்தச் சீனிப்படை உடையிற சத்தம், அதிலேயே திரும்பியிருக்கவேணும். நான் என்ன செய்தன், இன்னும் ரெண்டு எட்டு வைச்சன். முன்னுக்குக் கோடு கீறின மாதிரி ஒரு வெடிப்பு ஓடிச்சுது, பலகையோட சேத்து என்னையும் இழுத்துக்கொண்டு போச்சுது. புதையேல்லை, ஆனா வலது முழங்கால் போச்சு. இண்டைக்கும் அன்னதானப் பந்தியில சம்மணம் கட்டி இருக்க ஏலாது, கதிரை கேக்கவேண்டிக் கிடக்கு.

3 எண்டா 30 பாகைக்கு மேல சாய்ஞ்ச சரிவை விடுங்கோ, அதுக்கு நேர கீழ நிண்டு படமும் எடுக்காதேங்கோ.

பழைய தடம்

ஆக்கள் போன தடம் கிடக்கு, அப்ப பயமில்லை எண்டு நினைக்கிறது. முதல் ஒம்பது பேர் போயிருப்பினம். பத்தாவது ஆளோட உடையலாம்.

பீக்கன்

ஸ்னோவுக்குள்ள புதைஞ்ச ஆளைத் தேடிப் பிடிக்க சிக்னல் விடுற சின்னக் கருவி இது. அதை வாங்கிப் பெட்டியோட வைச்சிருக்கிறது. புதைஞ்ச ஆளை 10 நிமிசத்துக்குள்ள எடுத்தாப் பெரும்பாலும் உயிரோட வருவார், பிறகு மூச்சு முட்டும். ஹெலி அதுக்குள்ள வராது, பக்கத்தில நிக்கிறவைதான் கிண்டவேணும். ஓடி நிண்ட ஸ்னோ சிமெந்து மாதிரி, சவள் இல்லாமல் கையால ஏலாது, குத்திப் பாக்கிற தடியும் வேணும். போனையும் பீக்கனையும் ஒரே பொக்கற்றில வைக்காதேங்கோ, சிக்னலைக் குழப்பும். பழகுறதுக்கு ஸ்னோ தேவையில்லை, எங்கட வளவுக்குள்ள தென்னோலைக் குவியலில ஒளிச்சு வைச்சே தேடலாம். மருமகன் பீக்கனைக் கொண்டுவரேல்லையாம்.

தனியப் போறது

வேண்டாம்.