900 கிராம் பார்சலுக்கு 3.5 கிலோ கட்டணம்

ஆன்லைனில் விற்பது பனையோலைக் கூடை. மூன்று கூடை, அட்டைப்பெட்டி, டேப் எல்லாம் சேர்த்தே 900 கிராம்தான். 1 கிலோ என்று பதிவு செய்தேன். கூரியர் கணக்கில் 3.5 கிலோவுக்குப் பிடித்திருந்தார்கள்.

முதலில் தராசைச் சந்தேகப்பட்டு, ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை வைத்துப் பார்த்தேன், சரியாகவே காட்டியது. தராசுப் படத்தோடு புகார் போட்டேன், நிராகரித்துவிட்டார்கள். பெட்டியை விட்டு பாலித்தீன் கவருக்கு மாறியதில் கூடைகள் நசுங்கித் திரும்பி வந்தன.

விஷயம் எடையில் இல்லை, அளவில். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். வரும் கிலோவிலும் நிஜ எடையிலும் எது அதிகமோ அதற்குத்தான் பில். என் பெட்டி 30×25×20, அதாவது 3 கிலோ. அப்படியானால் அந்த அரைக் கிலோ?

டேப் ஒட்டிய பெட்டியைப் பக்கவாட்டில் பார்த்தபோதுதான் தெரிந்தது. கூடையின் கைப்பிடி மூடியை முட்டி, நடுவில் 2 செ.மீ. உப்பியிருந்தது. அளப்பது உயர்ந்த இடத்தை. உயரம் 22 என்றால் 3.3 கிலோ, அரை அரைக் கிலோவாக ஏறும் கட்டணப் படியில் அது 3.5.

இப்போது மூன்றையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குகிறேன். கைப்பிடியில் ஈரத்துணி சுற்றி, ஓலை இளகியதும் மடக்கி, நன்றாக உலர்த்திய பிறகே பெட்டியில் வைக்கிறேன் (ஈரம் இருந்தால் பூஞ்சை நிச்சயம்). பெட்டி 30×25×12. 1.8 கிலோ, பில் 2 கிலோவுக்கு. உயரம் 13.3 வரை உப்பினாலும் படி மாறாது. அளவு டேப் வைத்து அளக்கும் படத்தையும் பார்சலுக்கு ஒன்றாக எடுத்து வைக்கிறேன்.