தொடுவானம் மறைந்தால் என்ன செய்வது: பயிற்சி விமானிகளுக்கு நிலைமயக்கம் பற்றி

விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, மூக்கு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை விமானி தவறாக உணர்வதுதான் ஸ்பேஷியல் டிஸ்ஓரியன்டேஷன். இங்கே நிலைமயக்கம் என்று எழுதுகிறோம். இதை மூன்று வகையாகப் பிரிப்பார்கள். முதல் வகையில் மயக்கம் வந்ததே விமானிக்குத் தெரியாது. இரண்டாவதில் உடல் சொல்வதும் கருவி சொல்வதும் ஒத்துப்போகவில்லை என்று தெரிந்துவிடும். மூன்றாவதில் தெரிந்தும் பயனில்லை: கண் துடித்துக் கருவி மங்கும், அல்லது கை செயல்படாது. உயிர்களை அதிகம் வாங்குவது முதல் வகை. ஆகவே "மயக்கம் வந்தால் சமாளித்துக்கொள்வேன்" என்று நினைத்துப் பறக்கக் கூடாது. வந்தது தெரிந்தால்தானே சமாளிக்க முடியும்.

2019 ஏப்ரல் 9 இரவு ஜப்பான் வான் தற்காப்புப் படையின் எஃப்-35ஏ போர்விமானம் ஒன்று மிசாவா தளத்திலிருந்து பயிற்சிக்குக் கிளம்பிப் பசிபிக் கடலில் விழுந்தது. சுமார் 31,500 அடியில் இருந்த விமானம் 20 விநாடியில் 15,500 அடிக்கு வந்தது. அடுத்த 15 விநாடியில் 1,000 அடிக்கும் கீழே போய்விட்டது. விமானிக்கு 3,200 மணி நேரப் பறப்பு அனுபவம் இருந்தது. கடைசி வானொலிப் பேச்சில் பதற்றம் இல்லை. வெளியே குதிக்க முயன்ற தடயமும் இல்லை. நிலைமயக்கமே காரணமாக இருக்க வாய்ப்பு மிக அதிகம் என்று விசாரணை சொன்னது. அனுபவம் கருவியை வேகமாகப் படிக்கக் கற்றுத்தரும். உட்செவியின் அமைப்பை அது மாற்றாது.

காது ஏமாறும் விதம்

உட்செவியில் மூன்று அரைவட்டக் குழாய்கள், உள்ளே திரவம். தண்ணீர் நிறைந்த சொம்பைச் சட்டென்று திருப்பினால் உள்ளே இருக்கும் நீர் உடனே சுழலாது, சற்றுப் பின்தங்கும். குழாய்த் திரவமும் அப்படித்தான். அந்தப் பின்தங்கலைத்தான் மூளை "திரும்புகிறோம்" என்று எடுத்துக்கொள்கிறது. ஒரே வேகத்தில் 10 முதல் 20 விநாடி திரும்பிக்கொண்டே இருந்தால் திரவமும் குழாயும் சேர்ந்து சுழல ஆரம்பிக்கும். திருப்பம் நின்றுவிட்டதாகவே தோன்றும்.

விநாடிக்கு ஏறத்தாழ 2 டிகிரிக்கும் குறைவான வேகத்தில் சாய்ந்தால் காதுக்குத் தெரியவே தெரியாது. வரைபடத்தைக் குனிந்து பார்க்கும் 10 விநாடியில் விமானம் 15 டிகிரி சாய்ந்திருக்கலாம். தலை நிமிர்ந்து அதை வெடுக்கென்று நேராக்கினால், இப்போது எதிர்ப்பக்கம் சாய்ந்ததுபோல இருக்கும். 'லீன்ஸ்' எனப்படும் இந்த மயக்கம்தான் விமானிகளுக்கு மிக அதிகமாக வருவது. கருவி நேராக இருந்தாலும் உடம்பு மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும்.

சுழல் இறக்கம் இன்னும் கொடியது. சாய்ந்த திருப்பத்தில் மூக்கு தானாக இறங்கும், உயரம் குறையும். சாய்வு உணர்வில் இல்லாததால், நேராக இறங்குகிறோம் என்று நம்பி, மூக்கைத் தூக்க விமானி ஸ்டிக்கை (கட்டுப்பாட்டுத் தண்டை) இழுப்பார். சாய்வைச் சரிசெய்யாமல் இழுத்தால் சுழல் இறுகும், வேகமும் ஏறும். 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பறப்பு தெரியாத 20 பேரை வெளிப்பார்வை இல்லாமல் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். கட்டுப்பாடு இழக்கச் சராசரியாக 178 விநாடி ஆனது. அவர்களில் 19 பேர் விழுந்தது இந்தச் சுழலில்தான்.

உட்செவியிலேயே இருக்கும் செவிக்கற்கள் புவியீர்ப்பை அளப்பவை. முன்னோக்கிய முடுக்கத்துக்கும் தலை பின்னால் சாய்ந்ததற்கும் அவற்றுக்கு வித்தியாசம் தெரியாது. கூடுதல் எரிபொருள் எரித்து உந்தும் ஆஃப்டர்பர்னரில், புவியீர்ப்பில் 0.3 மடங்கு, அதாவது 0.3 ஜி முடுக்கம் கிடைத்தால், நிமிர்ந்த கோணம் ஏறத்தாழ 17 டிகிரி கூடியதாகத் தோன்றும். 1 ஜி என்றால் 45 டிகிரி. இருட்டில் கடல்மேல் புறப்படும்போதோ, கப்பலில் விமானத்தை உந்தி எறியும் கேட்டபுல்ட் இயங்கும்போதோ, மூக்கு ரொம்ப ஏறிவிட்டது என்று பயந்து ஸ்டிக்கை முன்னே தள்ளினால் அடுத்து இருப்பது தண்ணீர். எனவே இரவுப் புறப்பாட்டில் ஏறுகோணத்தை முன்பே எண்ணாக முடிவு செய்துகொள்ளுங்கள். சாய்வையும் மூக்கின் கோணத்தையும் காட்டும் தொடுவானக் கருவியான ஏடிஐ-யில் அந்த எண்ணை வைத்துப் பிடியுங்கள். ஆல்டிமீட்டர் (உயரமானி) ஏறுவதைப் பார்க்கும்வரை வேறு எதிலும் கண் போகக் கூடாது.

கிளம்பும் முன்

சளி, தூக்கக் குறைவு, தூக்கம் வரவழைக்கும் ஒவ்வாமை மாத்திரை, நேற்றைய மது: இவற்றில் ஒன்று இருந்தாலும் பறக்காதீர்கள். மது உட்செவித் திரவத்தின் சமநிலையைக் கெடுக்கும். ரத்தத்தில் அளவு பூச்சியத்துக்கு வந்த பிறகும் அந்தக் கோளாறு பல மணி நேரம் நீடிக்கும்.

காக்பிட்டில் வானொலி அலைவரிசைகளைத் தரையிலேயே ஏற்றி வையுங்கள். திருப்பத்தின் நடுவில் தலையைக் குனிந்து பக்கப் பலகையைத் தேடினால் உட்செவியின் இரண்டு குழாய்கள் ஒரே நேரத்தில் கிளர்ந்து, விமானமே குட்டிக்கரணம் போடுவதுபோல் இருக்கும். இருட்டில் பார்க்க உதவும் இரவுக்கண்ணாடி போட்டிருந்தால் பார்வைப்புலம் சுமார் 40 டிகிரிதான். சமநிலைக்கு முக்கியமான ஓரப்பார்வை அப்போது இல்லை. கருவிகளுக்குக் கண் திரும்புவதை வழக்கத்தைவிட அடிக்கடி செய்ய வேண்டும்.

மேகத்துக்குள் நுழைவதென்றால், நுழைவதற்கு முன்பே கருவிக்கு மாறிவிடுங்கள். பாதி வெளியே, பாதி உள்ளே பார்க்கும் நேரத்தில்தான் பல மயக்கங்கள் பிறக்கின்றன. கிழிந்த மேகத்தினூடே தரை தெரிகிறதே என்று மீண்டும் மீண்டும் எட்டிப் பார்ப்பதும் அதே தவறு.

மயக்கம் என்று சந்தேகம் வந்தால்

1. கண்ணை ஏடிஐ-க்குக் கொண்டுவாருங்கள். தலையை இருக்கையோடு சாய்த்து அசைக்காமல் வையுங்கள்.

2. ஏடிஐ-யை மாற்றுத் தொடுவானக் கருவியோடும், வேகம், உயரம், திசை மாற்றத்தோடும் ஒப்பிடுங்கள். இதற்கு இரண்டு விநாடி போதும், ஆனால் விடக் கூடாது. 1978 ஜனவரி 1-ல் மும்பையிலிருந்து கிளம்பிய ஏர் இந்தியா 747, கேப்டனின் தொடுவானக் கருவி பழுதாகி, அவர் அதை நம்பி இடப்பக்கம் சாய்த்ததில் கடலில் விழுந்தது. 213 பேர் இறந்தார்கள். பழுதான ஒரே கருவியைப் பிடித்துக்கொண்டு தொங்குவதும் நிலைமயக்கத்துக்கே இட்டுச்செல்லும்.

3. மூக்கு கீழே, வேகம் ஏறுகிறது என்றால் முதலில் த்ராட்டிலை (இன்ஜின் சக்தியை) குறையுங்கள், அடுத்து இறக்கைகளை நேராக்குங்கள், அதன்பிறகே இழுங்கள். வரிசை மாறக் கூடாது. 60 டிகிரி சாய்வில் உயரத்தைத் தக்கவைக்கவே 2 ஜி தேவை. சாய்வோடு இழுத்தால் விமானம் மேலே வராது, சுற்றிக்கொண்டுதான் போகும். மூக்கு மேலே, வேகம் விழுகிறது என்றால் சக்தி கொடுங்கள், தேவைப்பட்டால் அருகிலுள்ள தொடுவானப் பக்கமாகச் சாய்த்து மூக்கைத் தானாக விழவிடுங்கள். முரட்டுத்தனமாகத் தள்ள வேண்டாம்.

4. நேராக, சமமாக, வேகம் மாற்றாமல் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் பறந்தால் திரவம் அடங்கும். அதற்குள் உணர்வு சரியாகவில்லை என்றாலும் பரவாயில்லை. உணர்வைச் சரிசெய்வது உங்கள் வேலை இல்லை. கருவி சரியான எண்ணைக் காட்டும்படி செய்வதுதான் வேலை.

5. வாய்விட்டுச் சொல்லுங்கள். இரட்டை இருக்கை விமானத்தில் கட்டுப்பாட்டை மற்றவரிடம் கொடுங்கள். ஆட்டோபைலட் இருந்தால் போடுங்கள். சுகோய்-27 குடும்ப விமானங்களிலும் யூரோஃபைட்டர் டைஃபூனிலும் விமானத்தைத் தானாகச் சமநிலைக்குக் கொண்டுவரும் வசதி உண்டு. அந்த விசையைக் கண்ணை மூடிக்கொண்டு தொடும் அளவுக்குத் தரையில் பழகியிருக்க வேண்டும். எஃப்-16-ல் 2014 முதல் இருக்கும் ஆட்டோ-ஜிகாஸ், தரையில் மோதப்போவதைக் கணித்து விமானி கேட்காமலே மீட்கும். முதல் வகை மயக்கத்துக்கு இதுவரை கிடைத்த மிகச் சிறந்த மருந்து இதுதான் என்பது எங்கள் கருத்து.

6. கட்டுப்பாடு கிடைக்கவே இல்லை என்றால், இருக்கையோடு வெளியே குதித்துவிட வேண்டிய குறைந்தபட்ச உயரத்தை மதியுங்கள். பல போர்விமானக் கையேடுகள் தரைக்கு மேல் 10,000 அடி என்கின்றன.

அணியாகப் பறக்கும்போது பக்கத்து விமானி மயக்கத்தைச் சொன்னால், தலைமை விமானி நேராக, சமமாகப் பறந்தபடி சாய்வு, வேகம், உயரம் மூன்றையும் வானொலியில் படித்துக்காட்ட வேண்டும். தலைவரின் விமானம் மேகத்தில் மறைந்தால், நேர்ப் பறப்பில் இருக்கும் பக்கத்து விமானி 15 டிகிரி சாய்வில் 15 விநாடி விலகித் திரும்புவது பரவலான நடைமுறை.

மலைப்பள்ளத்தாக்கில் ஹெலிகாப்டர்

2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குச் சென்ற மி-17வி5 குன்னூர் அருகே விழுந்ததில், முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட அதில் இருந்த 14 பேரும் உயிரிழந்தார்கள். பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறியது, மேகத்துக்குள் நுழைந்தது, விமானிக்கு நிலைமயக்கம், தரையில் மோதல் என்ற வரிசையைத்தான் விசாரணையின் முதற்கட்ட முடிவு சொன்னது. இயந்திரக் கோளாறும் நாசவேலையும் இல்லை என்றது.

அந்தப் பாதையின் கணக்கைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குள் நிலம் ஏறத்தாழ 5,000 அடி உயர்கிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டர், அதாவது சுமார் 8,650 அடி. மலைப்பகுதிக்கான 2,000 அடி இடைவெளியைக் கூட்டினால், சுற்றிலும் எதிலும் மோதாத உயரம் 10,650 அடி. இந்த எண் கிளம்பும் முன்பே விமானியின் முழங்கால் பலகையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எந்த இடத்தைத் தாண்டினால் திரும்ப இடமில்லை என்பதும் அதோடு இருக்க வேண்டும். பார்வை குறையத் தொடங்கும்போதே, மேகத்தைத் தொடுவதற்கு முன்பே, திரும்புங்கள் அல்லது இறங்குங்கள்.

தவறி உள்ளே போய்விட்டால் வரிசை இது. சாய்வைச் சமமாக்குங்கள். திசையை மாற்றாமல் பிடியுங்கள்; தெரிந்த தடை எதிரே இருந்தால் மட்டும் திருப்புங்கள். ஏறுவதற்கான சக்தியைக் கொடுங்கள். ஏறுவேகத்துக்கு வாருங்கள். பாதுகாப்பான உயரம் வந்தபிறகுதான் வானொலி. 180 டிகிரி திரும்பியே ஆக வேண்டுமென்றால் விநாடிக்கு 3 டிகிரி. அந்தத் திருப்பத்துக்கு ஒரு நிமிடம் ஆகும். பள்ளத்தாக்கில் அந்த ஒரு நிமிடத்துக்கு இடம் இருக்கிறதா என்பதைத்தான் முன்பே கணக்கிடச் சொல்கிறோம்.

தரையில் காட்டுவது எப்படி

சுழல்நாற்காலி ஒன்று போதும். சுற்றிலும் இரண்டு மீட்டர் காலியிடம், பிடிக்க இரண்டு பேர். மாணவர் இடுப்புப் பட்டை கட்டி, கண்ணை மூடி, தலையை 30 டிகிரி முன்னே குனிந்து உட்காரட்டும். அப்போதுதான் கிடைமட்டக் குழாய் தரைக்கு இணையாக இருக்கும். மூன்று விநாடிக்கு ஒரு சுற்று என்ற சீரான வேகத்தில் 30 விநாடி சுழற்றுங்கள். எந்தப் பக்கம் சுற்றுகிறோம் என்பதைக் கட்டைவிரலால் காட்டச் சொல்லுங்கள். வேகம் மாறாமலே விரல் மெல்ல நிமிர்ந்துவிடும். நாற்காலியை நிறுத்தியதும் விரல் எதிர்ப்பக்கம் சாயும். சுழலும்போது தலையை ஆட்டச் சொல்வதை ஒருமுறைக்கு மேல் செய்யாதீர்கள், வாந்தி வரும். நாற்காலியில் உட்கார்ந்தவர் அன்று பறக்க வேண்டாம்.

பறப்பில் மயக்கம் வந்து மீண்டிருந்தால், இறங்கியதும் படைமருத்துவரிடம் சொல்லுங்கள். நேரம், உயரம், வேகம், வெளிச்சம், இரவுக்கண்ணாடி இருந்ததா, அதற்கு முந்தைய 30 விநாடியில் தலையை எங்கே திருப்பினீர்கள் என்பதை அன்றே எழுதிவிடுங்கள்.