4ஜி63 என்ஜினின் டிக் டிக் சத்தம்: நான் போட்ட லிஃப்டர்

4ஜி63 என்ஜின் உள்ள மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த டிக் டிக் சத்தம் பழக்கமாக இருக்கும். வால்வு இடைவெளியை ஒயில் அழுத்தத்தால் தானாகவே சரிசெய்யும் ஹைட்ராலிக் லிஃப்டர் என்ற சின்னப் பாகம்தான் அப்படித் தட்டும். என் காரில் என்ஜின் சூடான பிறகும் நிற்கவில்லை. ஒயில் பிரஷர் சரி, ஒயில் மாற்றியும் பயனில்லை.

கராஜில், தானாகச் சரிசெய்யாத சொலிட் லிஃப்டர் போடச் சொன்னார்கள். மிக உயர்ந்த ஆர்பிஎம்மிலேயே ஓடும் ரேஸ் காருக்கு அது பொருந்தும். ஆனால் வால்வு இடைவெளியை அவ்வப்போது பார்த்துச் சரிசெய்ய வேண்டும். கொழும்பில் காலி வீதி நெரிசலில் ஊரும் காருக்கு எதற்கு அந்தத் தொல்லை?

உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி, மிட்சுபிஷி பின்னாளில் கொண்டுவந்த, ஒயில் துளை பெரிதான ஹைட்ராலிக் லிஃப்டரையே தேடி வாங்கினேன். 16ம் புதிது. ரீகண்டிஷன் என்ஜினில் கழற்றியதை மலிவாகத் தருகிறார்கள், எனக்கு நம்பிக்கையில்லை.

போடுமுன் செய்யும் வேலைதான் முக்கியம். ஒவ்வொன்றையும் சுத்தமான டீசலில் அமிழ்த்தி, மேல்துளை வழியாக மெல்லிய கம்பியால் உள்ளிருக்கும் சின்ன இரும்புக் குண்டை அழுத்திக்கொண்டே, குமிழி நிற்கும்வரை லிஃப்டரை அமத்தி அமத்தி விட வேண்டும். கம்பியை எடுத்தபின் விரலால் அமத்தினால் கல்லு மாதிரி நிற்க வேண்டும். அமிழ்ந்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது, திரும்ப டீசலுக்குள் போடுங்கள்.

இப்போது காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது கொஞ்சம் தட்டும், அப்புறம் சத்தமே இல்லை.